படிப்பும் பகட்டும்: காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள்

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் கடலோர வீதியில் பயணஞ் செய்வோர்க்கு, ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பது இலகுவில் தெரியாது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்று முஸ்லிம் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டியே கிடக்கும். மாளிகைக்காட்டைத் தாண்டியதும் காரைதீவு. அங்கே கண்ணகை அம்மன் கோயில். அதைத் தாண்டினால் நிந்தவூர், மறுபடியும் பள்ளிவாசல்கள். மேற்கே சம்மாந்துறை வரை வயல், கிழக்கே கடல். வயலுக்கு வரும் வாய்க்கால் தண்ணீரும் ஒன்று, பேசும் தமிழும் ஒன்று.

இந்த ஊர்களின் நடுவே, காரைதீவில், 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி சாமித்தம்பி, கண்ணம்மை என்போருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மயில்வாகனம் என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் என்று தமிழுலகம் போற்றியது இவரைத்தான். அம்பாறை மாவட்டம் அப்போது இல்லை. 1961இல்தான் அது தனி மாவட்டமாயிற்று. எனவே அவர் தம்மை மட்டக்களப்பார் என்றே சொல்லி வந்தார்.

கத்தோலிக்க வார ஏட்டில் ஓர் இந்துத் துறவியின் வாழ்க்கை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அவர் நம்முடைய கல்லூரியில் படித்தவர், நம்முடைய கல்லூரிகளில் படிப்பித்தவர் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அறிஞர் என்ற சொல் இன்று மிகவும் மலிந்து போயிற்று. கலியாண வீட்டு வாழ்த்து மடலிலும் அறிஞர், திறப்பு விழா அழைப்பிதழிலும் அறிஞர். நான்கு வெளிநாட்டு ஆசிரியர்களின் பெயரை உச்சரித்து, கேட்பவருக்கு விளங்காத பத்துச் சொற்களைச் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்குகிறவரை வாய் பிளந்து பார்க்கிறோம். மெய்யான படிப்பாளி யார், படிப்பாளி வேடம் பூண்டவர் யார் என்று பிரித்தறிய நம் பிள்ளைகளுக்கு ஒரு அளவுகோல் வேண்டும். அடிகளாரின் வாழ்க்கையில் அது இருக்கிறது என்பது இதை எழுதுகிறவனின் துணிவு.

மயில்வாகனம் ஊரில் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிந்தார். பின்னர் கல்முனையில் மெதடிஸ்த மிஷனாரின் ஆங்கிலப் பாடசாலை. அதன் பின் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி. பிரான்ஸ் தேசத்து இயேசு சபைக் குருக்கள் அதை நடத்தி வந்த காலம் அது. வண. பிதா பொனெல் போன்ற குருக்களிடம் இந்தக் காரைதீவுப் பையன் கணிதமும் விஞ்ஞானமும் கற்றான். 1908இல், பதினாறாவது வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியெய்தினான். அந்த நாளில் அது சிறு காரியமன்று. கச்சேரியில் உத்தியோகம், வில்லுவண்டி, சீதனம் எல்லாம் தேடி வந்திருக்கும். அவர் ஆசிரியரானார். புனித மிக்கேலிலும் கல்முனைக் கத்தோலிக்கப் பாடசாலையிலும் படிப்பித்தார். அப்புறம் கொழும்புக்குப் போய் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

இதற்கு அடுத்த கட்டத்தை வாசகர்கள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். 1915இல் மறுபடியும் மாணவராகக் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, மறுவருடம் விஞ்ஞானத்தில் டிப்ளோமா பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சைக்கும் தோற்றித் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதல் தேறியவர் அவரே என்பர். ஒரு கையில் இரசாயனக் குடுவை, மறு கையில் தொல்காப்பியம். இரண்டிலும் தன்னை மற்றவர் பரீட்சிக்கட்டும் என்று போய் உட்கார்ந்தார். ஆங்கிலம் படித்த வாலிபர் தமிழை வேலைக்காரரோடு பேசும் பாஷை என்று எண்ணியிருந்த காலம் அது. பண்டிதர்களோ விஞ்ஞானத்தைத் தீண்டாப் பொருளாக ஒதுக்கியிருந்தார்கள். ஒரு சாராரிடம் மற்றச் சாராரின் பெயரைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டே அவர் காலத்தை ஓட்டியிருக்கலாம். பண்டிதரிடம் விஞ்ஞானம் பேசினால் சரிபார்க்க ஆளில்லை. விஞ்ஞானிகளிடம் சங்கத் தமிழ் பேசினாலும் அப்படியே. போலிப் படிப்பு செழித்து வளர்வது இந்த இடுக்கில்தான்.

1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரிக்கு விஞ்ஞான ஆசிரியராக வந்தார். அமலமரித் தியாகிகள் சபைக் குருக்களின் அந்தக் கல்லூரியில், திருநீறணிந்த தமிழ்ப் பண்டிதர் ஒருவர் இரசாயனமும் பௌதிகமும் படிப்பித்தார். அங்கிருந்தபடியே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரை அதிபராக ஏற்றது. மறுவருடம் யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் உருவானபோது அதற்கும் தோள் கொடுத்தார். வயது முப்பதை எட்டவில்லை.

1922இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்ற பெயருடன் பிரமசாரியாக இருந்து, 1924இல் சுவாமி சிவாநந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார். துறவு நமக்குப் புதிதன்று. நம் குருமாரும் கன்னியரும் ஏற்ற வாழ்வுதான். ஆனால் இங்கே கவனிக்க ஒன்று உண்டு. பண்டித மயில்வாகனனார் என்ற பெயரில்தான் பட்டமும் பதவியும் புகழும் சேர்ந்திருந்தன. அந்தப் பெயரையே அவர் கழற்றி வைத்தார். பகட்டுப் படிப்பாளி தன் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துக்களில் ஒன்றையேனும் விட்டுக்கொடுப்பாரா என்று எண்ணிப் பாருங்கள்.

1925இல் இலங்கைக்குத் திரும்பி, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். 1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். இவ்விடத்தில் நாம் ஒரு உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மிஷன் பாடசாலைகளுக்குப் போகும் இந்துப் பிள்ளை தன் சமயத்தை இழந்துவிடக் கூடாது என்பதே அப்பாடசாலைகளின் நோக்கங்களுள் ஒன்று. நம் குருக்கள் ஊட்டிய கல்வியைக் கொண்டே, நம் பாடசாலைகளுக்கு மாற்றாக அவர் பாடசாலை கட்டினார். நம்மவர் சிலருக்கு அன்று அது கசந்திருக்கும். எனினும், கற்பித்தவர் விரும்பிய முடிவுக்குத்தான் மாணவன் வர வேண்டும் என்றால் அது கல்வியாகாது, கிளிக்குப் பாடஞ் சொல்வதாகும். புனித மிக்கேலின் குருக்கள் அவருக்குக் கணக்குப் போடக் கற்பித்தார்கள்; விடையை அவரே கண்டார். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசு உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, இந்து, கத்தோலிக்க, மெதடிஸ்த பாடசாலைகள் பலவும் ஒரே படகில் ஏறிய கதை வாசகர் அறிந்ததே.

1931இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. ஒரு விஞ்ஞானப் பட்டமும் மதுரைப் பண்டிதச் சான்றும் கொண்டு வந்த ஈழத்துத் துறவி அந்த நாற்காலியில் அமர்ந்தார். பகலில் பல்கலைக்கழகத்தில் பாடஞ் சொன்னவர், ஓய்வு நேரத்தில் பக்கத்துத் திருவேட்களத்தின் சேரிக்குப் போய், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். இதைத் தர்மம் என்று மட்டும் பார்ப்பது போதாது. பேராசிரியர்களிடையே பேசும்போது ஒருவருடைய அரைகுறை விளக்கம் மறைந்துவிடும், சபை மரியாதை அதை மூடிவிடும். எழுத்தறியாத குழந்தையின் முன்னே எதுவும் மறையாது. தான் விளங்கிக் கொள்ளாத ஒன்றைக் குழந்தைக்கு விளங்க வைக்க எவராலும் முடியாது.

சென்னையில் 1936இல் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதும் இந்த வழியில் வந்த தொண்டுதான். விஞ்ஞானத்தைத் தமிழில் படிப்பிக்க முடியாது, சொற்கள் இல்லை என்று மெத்தப் படித்தவர்கள் கையை விரித்த காலம். அவர் துறைவாரியான குழுக்களோடு உட்கார்ந்து, சொல் சொல்லாக எடுத்து ஆராய்ந்தார். வேதியியல் குழுவுக்குத் தாமே தலைமை வகித்தார். 1938இல் ஏறத்தாழ பத்தாயிரம் சொற்களோடு அந்த அகராதி வெளிவந்தது. பின்னாளில் கல்முனையிலும் மருதமுனையிலும் சம்மாந்துறையிலும் விவசாயி மகனும் நெசவாளி மகளும் விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் படிக்க வாய்த்ததற்கு இத்தகைய உழைப்பே அடித்தளம். நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஆங்கிலத்தை மார்பில் குத்தும் பதக்கம் போல் அணிந்து திரிந்தோர் உண்டு. விளங்காத பாஷையில் பேசுவதே படிப்புக்கு அடையாளம் என்று நாமும் ஒரு காலம் நம்பியிருந்தோம், முற்றாக விட்டுவிட்டோம் என்றும் சொல்வதற்கில்லை.

கரையோர முஸ்லிம் ஊர்களோடு அவருக்கிருந்த தொடர்பைப் பற்றிச் சொல்லும்போது ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களை நினையாமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, 1935இல் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர். உலக யுத்தத்தின் நடுவே, 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக அவர் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். நெல் விளைவிக்க வந்த இடத்தில் அவர் கண்டது பிள்ளைகளின் கல்விப் பஞ்சம். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை ஆரம்பித்தார். அக்காலத்தில் அடிகளாரோடு ஏற்பட்ட பழக்கம் தம் சிந்தனையை விரிவாக்கியதை அவர் பின்னர் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். 1945இல் அவர் தொடக்கிய இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியையும், 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபராக அவர் ஆற்றிய பணியையும் பலர் அறிவர். காவியுடுத்த சைவத் துறவியும் சிவில் சேவை முஸ்லிமும் ஒருவரையொருவர் தேடிச் சென்றனர். இருவருக்கும் தத்தம் சமயத்தில் ஐயம் இருக்கவில்லை. ஆகையால் மற்றவரிடம் கற்றுக்கொள்வதில் அச்சமும் இருக்கவில்லை. 1985இலும் 1990இலும் இதே கரையில் தமிழரும் முஸ்லிம்களும் இரத்தஞ் சிந்திய நாட்களை நினைக்கும்போது, நெஞ்சு கனக்கிறது. அந்த நாட்களில் வாள் ஏந்தியவர்களைப் பற்றியே பேசுகிறோம். இரு பக்கத்திலும் அரைகுறைச் சரித்திரத்தை ஆராய்ச்சி என்று சொல்லிக் கொடுத்துச் சூடேற்றிய படித்தவர்களும் இருந்தார்கள்.

இனி அடிகளாரின் பெருநூலுக்கு வருவோம். காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை பாடக் கேட்டு வளர்ந்தவர் அவர். அந்தக் கண்ணகியின் கதையான சிலப்பதிகாரத்தில் அரங்கேற்றுகாதை என்றொரு பகுதி உண்டு. யாழ் வாசிப்பவனின் இலக்கணத்தைச் சொல்லும் இருபத்தைந்து அடிகள் அதில் வருகின்றன. பழைய உரைகாரர் அடியார்க்குநல்லார் விளக்கியிருக்கிறார். ஆனால் அந்த விளக்கத்துக்கே விளக்கம் வேண்டியிருந்தது. யாழ் என்ற வாத்தியமோ பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வழக்கொழிந்து போயிற்று. கண்டவரும் இல்லை, கேட்டவரும் இல்லை.

இதைவிட வசதியான இடம் பகட்டுப் படிப்பாளிக்கு வாய்க்காது. யாழின் இனிமை தேவாமிர்தம், நம் முன்னோர் பெருமையே பெருமை என்று மூன்று மணி நேரம் பேசலாம். மறுத்துப் பேச எவராலும் இயலாது. அடிகளார் அந்த இருபத்தைந்து அடிகளோடு ஏறக்குறையப் பதினான்கு ஆண்டுகள் போராடினார். இடையில் 1939 முதல் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில ஏட்டை நடத்தியபோதும் இந்த எண்ணம் அவரை விடவில்லை.

அவர் செய்தது கணக்கு. இழுத்துக் கட்டிய நரம்பைப் பாதியாகக் குறைத்தால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டாகக் குறைத்தால் பழந்தமிழர் இளி என்ற சுரம், இன்றைய பஞ்சமம், பிறக்கும். இது பௌதிக வகுப்பில் எந்த மாணவனும் செய்து பார்க்கக் கூடியது. இப்படி இளிக்கு இளியாகப் பன்னிரண்டு முறை ஏறிச் சென்றால் தொடங்கிய குரலுக்கே, ஏழு ஸ்தாயி உயரத்தில், திரும்பி வர வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கும். வராது. ஏழு முறை இரட்டித்தால் 128. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129க்கும் மேலே சற்று. இந்தச் சிறு பிசகை உலகத்து இசைநூலார் எல்லாரும் எதிர்கொண்டார்கள். பகட்டுக்காரர் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவார். அடிகளார் அலகுகளையும் விகிதங்களையும் எண்களாகவே எழுதி, பாலைகள் எப்படித் திரிகின்றன, பண்கள் எப்படிப் பிறக்கின்றன, தேவாரப் பண்களின் நிலை யாது என்று ஒவ்வொன்றாக வகுத்தார். பழைய நூல்களின் குறிப்புக்களையும் சிற்பங்களையும் கொண்டு வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றின் உருவைத் தேடினார். தம் கணக்கைக் கொண்டு யாழ் செய்வித்து, மரத்திலும் நரம்பிலும் அதைப் பரீட்சித்தார். சொன்னது பிழையானால் காதே சொல்லிவிடும்.

இதுதான் நான் முன்னர் குறிப்பிட்ட அளவுகோல். கணக்கின் வழியை ஒளிக்காமல் கரும்பலகையில் எழுதி வைக்கிறவரிடம், இந்த வரியில் பிழை என்று எவரும் எழுந்து சொல்லலாம். விடையை மட்டும் முழங்குகிறவரிடம் கைதட்டத்தான் முடியும். பின்வந்த இசையறிஞர் சிலர் யாழ் நூலின் முடிவுகள் சிலவற்றை மறுத்துமிருக்கிறார்கள். எந்த இடத்தில், எந்த எண்ணில் தாங்கள் வேறுபடுகிறோம் என்று அவர்களால் சுட்டிக்காட்ட முடிந்ததே அந்த நூலுக்குப் பெருமை.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்புக்கு வந்தார். உடல் நலிந்து கொண்டிருந்தது. காய்ச்சலும் பலவீனமுமாக இருந்தபோதும் நூலை முடித்தார். கோனூர் ஜமீன்தார் சிதம்பரம் செட்டியாரின் உதவியோடு கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. 1947 ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் திகதிகளில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம். அவருடைய கணக்கின்படி செய்த யாழ்களை ஊர்வலமாக எடுத்து வந்தனர். சங்கீத வித்துவான் சிவாநந்தம்பிள்ளை அவற்றை மீட்டினார். புத்தகத்தில் எண்ணாக இருந்தது அன்று சபையோர் செவியில் ஒலியாயிற்று.

குறை சொல்லவே இடமில்லையா என்றால், உண்டு. யாழ் நூல் மிகக் கடினமான நூல். அடிகளாரின் செந்தமிழ் நடை பல இடங்களில் இளம் வாசகரை வாசலிலேயே நிறுத்திவிடும். திருவேட்களத்துக் குழந்தைக்கு எளிமையாகச் சொன்னவர், தம் பெருநூலை அவ்வளவு எளிமையாக எழுதவில்லை. அதற்கு ஒரு துணைநூல் அவர் கையாலேயே எழுதப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! காலம் அதற்கு இடங் கொடுக்கவில்லை.

ஆனால் நம் பக்கத்துக் குறை அதைவிடப் பெரியது. அவருக்குச் சிலை வைத்தோம், வீதிக்கும் மண்டபத்துக்கும் அவர் பெயரைச் சூட்டினோம், ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். முத்தமிழ் வித்தகர் என்று ஒலிபெருக்கியில் முழங்குகிறோம். யாழ் நூலின் ஒரு இயலையாவது எழுத்துக்கோலும் தாளுமாக உட்கார்ந்து, கணக்கைச் சரிபார்த்து வாசித்தவர் அந்த மேடைகளில் எத்தனை பேர்? இதை எழுதுகிறவன் தானும் நெடுநாள் அந்தக் கூட்டத்தில் கைதட்டியவன்தான். இசைநரம்பியலை முதன்முறை திறந்து, பத்துப் பக்கத்தில் மூடி வைத்து, வெகுகாலம் கழித்து ஒரு கணித ஆசிரியரின் துணையோடு மீண்டும் திறந்தவன். பாதி விளங்கிற்று. மீதிப் பாதி இன்னும் விளங்கவில்லை.

சந்தை வெளியில் வணக்கம் பெறுவதையும் தொழுகைக்கூடத்தில் முதல் இருக்கையையும் விரும்பிய மறைநூலறிஞரை நம் ஆண்டவர் எச்சரித்ததை நாம் கோயிலில் கேட்கிறோம். அவர்கள் படியாதவர்கள் அல்லர், படித்தவர்கள். அந்த வாசகம் வேறு யாருக்கோ சொல்லப்பட்டது என்று எண்ணியபடியே வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

அரங்கேற்றம் நடந்து ஆறு வாரங்கள் கழித்து, 1947 ஜூலை 19ஆம் திகதி, கொழும்பில் அடிகளார் காலமானார். வயது ஐம்பத்தைந்து. அவரது உடலை மட்டக்களப்புக்குக் கொண்டு வந்து, அவர் கட்டிய சிவாநந்த வித்தியாலயத்தின் முன்றிலில் அடக்கஞ் செய்தார்கள். கல்லடியில் 1982இல் அவர் பெயரால் ஓர் இசை நடனக் கல்லூரி எழுந்தது. பின்னர் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கல்லடிப் பக்கம் போகிற நம் பிள்ளைகள் அந்த முன்றிலில் சிறிது நேரம் நிற்கட்டும். திரும்பி வந்து, ஒரு நரம்பை அல்லது ஒரு கம்பியையேனும் இழுத்துக் கட்டி, மூன்றில் இரண்டு பங்கில் விரலை வைத்து மீட்டிப் பார்க்கட்டும்.